இரண்டு பேருக்கான வீடு

ஜீப் சத்தம் கேட்டதுமே தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். அடுத்த வாரம் வர வேண்டிய பரிசோதகர் இன்றைக்கே வந்து நிற்கிறார்!

ஊர்க்கோடியில், வசதி இல்லாதவர்களுக்காக அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கும் வரிசை வீடுகள் அவை. அவளுக்குக் கிடைத்தது இரண்டு பேருக்கான வீடு. அவளும் மகளும். மூன்றாவதாக ஒருவர் தங்கினால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும். அந்த மூன்றாவது ஆள், வேலை போய் வந்து சேர்ந்த அவள் அண்ணன்.

"அண்ணே, சீக்கிரம் வெளியே போ!"

தள்ளாத குறையாக அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, அவன் டூத் பிரஷ்ஷை மாவு டப்பாவுக்குள் செருகினாள். பரிசோதகர் முதலில் எண்ணுவது அதைத்தான்.

எண்ணினார். இரண்டு. திருப்தியாகத் தலையாட்டியவர், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"சுவரோரமா உக்காந்திருக்கிற ஆளு யாரும்மா?"

"யாரோ வழிப்போக்கன் சார். எனக்குத் தெரியாது."

ஜன்னல் திறந்தே இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை.

பரிசோதகர் கிளம்பினார். கதவு அசையவில்லை. மழையில் ஊறி உப்பிய கதவு. இழுத்து இழுத்து அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டென்று வெளியிலிருந்து யாரோ கைப்பிடியைத் தூக்கி, கீழ்மூலையில் ஒரு உதை விட, கதவு படக்கென்று திறந்தது.

அண்ணன்! பழக்கதோஷம்.

"ஏம்ப்பா, இந்தக் கதவு உனக்கு ரொம்பப் பழக்கம் போலிருக்கே?"

'என் அண்ணன் சார்.' நுனிநாக்கு வரை வந்தது. அவள் விழுங்கிவிட்டாள்.

"தச்சு வேலை சார் நமக்கு. எல்லா ஊர்க் கதவும் இந்தக் காலு உதைச்சதுதான்" என்று சிரித்தான் அண்ணன். பிறகு அவளிடம், "அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குங்களா?"

அம்மாவாம்! பிறந்ததிலிருந்து 'ஏ கழுதை' என்றே கூப்பிட்டவன்.

கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, டம்ளரைப் படியிலேயே வைத்தான். மாற்றுத்துணிகூட எடுக்காமல் தெருவில் இறங்கி நடந்தான்.

"கண்டவனை எல்லாம் வாசல்ல சேர்க்காதம்மா."

"சரிங்க சார்" என்றாள். தலை நிமிரவில்லை.

அவர் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்த சற்று நேரத்தில், பள்ளிக்கூடம் விட்டு மகள் ஓடிவந்தாள்.

"அம்மா! மாமா பஸ் ஸ்டாப்புல உக்காந்திருக்காரு. கூப்பிட்டா, 'நீ யாரு பாப்பா?'ன்னு கேக்குறாரு! விளையாடுறாராம்மா?"

பக்கத்து வீட்டில் பரிசோதகரின் குரல் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

தையல்காரி மகளின் வாயைப் பொத்தினாள்.