புதன்கிழமைச் சூடு

வீணாகப் போகும் வெப்பத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் படலம் செய்வது அவள் வேலை. மெல்லிய தகட்டின் மேல் தலைமுடியைவிட மெல்லியதாக ஒரு சாம்பல் நிறப் பூச்சு. ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிர்ச்சியாகவும் இருந்தால் துளி மின்சாரம் தரும். ஆய்வகத்தில் சமர்த்தாகத்தான் இருந்தது. வெளியே எப்படி உழைக்கிறது என்று பார்க்கக் கணவனின் பேக்கரியைப் பிடித்தாள்.

அடுப்பின் பின்சுவரில் உள்ளங்கையளவு படலத்தை ஒட்டி, பக்கத்தில் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை வைத்தாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அவள் செல்போனுக்கு மின் அளவை அனுப்பும்.

"உன் ஸ்டிக்கரால என் பன்னு கருகிடாதே?" என்றான் கணவன்.

"உங்க தூக்கத்தால கருகாம இருந்தா போதும்."

புதன்கிழமை பேக்கரிக்கு விடுமுறை. அன்று அளவு பூச்சியத்தில் கிடக்க வேண்டும். ஆனால் மூன்றாவது புதன் மதியம் மூன்று மணிக்கு அது விறுவிறுவென்று ஏறியது. படலம் கெட்டுவிட்டதென்று அவள் ராத்தூக்கம் போனது. கம்பிகளைக் கழற்றி மறுபடி பற்றவைத்தாள். அடுத்த புதனும் அதே மூன்று மணி, அதே ஏற்றம். கணவனுக்குப் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்டுலதான் படுத்திருக்கேன்."

"அடுப்பு?"

"ஐஸ் மாதிரி கிடக்கும். ஏன் கேக்குற?"

ஐஸ் இருநூற்றுப் பத்து மில்லிவோல்ட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"அப்பா?"

"மாமாவா? நடக்கப் போயிருக்காரு. இந்த வெயில்ல, பாவம்."

அவளுக்குச் சுருக்கென்றது. அவர்களோடு இருக்கும் அப்பாவுக்குச் சர்க்கரை. போன ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு இனிப்புக்கு அவள் தடை போட்டிருந்தாள். அவரும் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டு, புதன்தோறும் இரண்டு மணி நேரம் நடக்கப் போனார். நடந்து நடந்து இரண்டு கிலோ ஏறியிருந்தார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பேக்கரியின் பின்கதவைத் தள்ளியதும் வெண்ணெய் வாசனை மூக்கைத் துளைத்தது. கணவன் அடுப்பிலிருந்து தட்டை இழுத்துக்கொண்டிருந்தான். மாவு மேசையின் முன்னால், கழுத்தில் துண்டைச் செருகிக்கொண்டு அப்பா. கையிலிருந்த பன்னைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தார். சுட்டதால் அதைக் கைமாற்றிக் கைமாற்றிக் குதித்தார்.

"வாசனை பிடிக்கத்தாம்மா வந்தேன்."

"மீசையில கிரீம் இருக்குப்பா."

கணவன் தட்டைக் கீழே வைக்கவும் மறந்து நின்றான். "யாரு சொன்னா உனக்கு?"

அவள் பின்சுவரைக் காட்டினாள்.

"அடப்பாவி! ஒட்டி வச்சது ஒட்டுக்கேக்குதா?"

சிரித்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். தட்டைப் பறிமுதல் செய்து, இருவரையும் அரை மணி நேரம் வறுத்தெடுத்தாள்.

வினை ஆய்வகத்தில் வந்தது. எந்நேரமும் சூடாக இருக்கும் அடுப்பில் படலம் உழைப்பது பெரிதில்லை. நன்றாக ஆறிய அடுப்பு ஒரே நாளுக்குள் சூடேறி, ஆறி, மறுபடி சூடேறும்போது பூச்சு உரிகிறதா என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் அந்தத் திருட்டுப் புதன்களில் இருந்தது.

"லீவு நாள்ல நடுவுல ஒருதடவை அடுப்பை மூட்டினது அருமையான யோசனை. யாரோடது?" என்று கேட்டார் தலைமை ஆய்வாளர்.

"எங்க அப்பாவோடது சார்," என்றாள். வேறென்ன சொல்வது?

"அப்போ வாராவாரம் தொடரட்டும்."

அடுத்த புதன் அவளே வந்து நின்று வெற்று அடுப்பை மூட்டச் சொன்னாள். அப்பா மேசையோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, உள்ள ஒண்ணும் வைக்காம சும்மா சூடாக்குறியே, இது வீண் இல்லையா? வீணாப் போற சூட்டைப் பிடிக்கத்தானே உனக்குச் சம்பளம்?"

கணவன் அதற்குள் மாவை உருட்டத் தொடங்கிவிட்டான்.

சர்க்கரை போடாத ஒரே ஒரு பன். அதைச் சரிபாதியாகப் பிட்டு ஒன்றை அப்பாவிடம் கொடுத்தாள். செல்போனில் அளவைப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது தட்டில் மறுபாதி இல்லை. மாமனாரும் மருமகனும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.