நாச்சிமுத்துவின் முந்நூறு கோழிகள்

1982 ஐப்பசியில் பெய்ய வேண்டிய மழை பெய்யவில்லை. அடுத்த மாசிக்குள் நாமக்கல்லுக்கு மேற்கே கரட்டுப்புதூரில் பாதிக் கிணறுகள் பாறையைக் காட்டிவிட்டன. அப்புசாமியின் கிணற்றில் மட்டும் ஒரு மூலையில் ஊற்று கசிந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஊறுகிற தண்ணீரை விடிந்ததும் மோட்டார் போட்டால் அரை மணி நேரம் வரும். பிறகு குழாய் காற்றைத்தான் இழுக்கும்.

அந்த அரை மணி நேரத்தைத்தான் அவரும் அவர் மனைவி சென்னியம்மாளும் பங்கு போட வேண்டியிருந்தது. அப்புசாமியின் மூன்று ஏக்கரில் ஒரு ஏக்கர் கரும்பு. ஆடியில் நட்டது, இடுப்பைத் தாண்டி வளர்ந்திருந்தது. ஆலை ஆட்டி வெல்லம் காய்ச்சினால் கிடைக்கிற பணத்தில் பெரிய மகளுக்கு நகை எடுப்பதாகத் திட்டம். சென்னியம்மாளுக்கு அறுநூறு முட்டைக் கோழிகள். கோழிப்பண்ணை அவள் பிடிவாதமாகத் தொடங்கியது. கொட்டகை போட்ட வருடம், கோழி வளர்த்தா குடும்பம் நடக்குமா என்று அப்புசாமியே கேட்டிருக்கிறார்.

பங்குனி வரை கரும்புக்கே தண்ணீர் போயிற்று. அரை மணித் தண்ணீர் நாலு பாத்திக்குத்தான் காணும். ஒரு சுற்று வந்து சேர இருபது நாள் ஆனது. கடைசிப் பாத்தி நனையும்போது முதல் பாத்தி வெடித்துக் கிடந்தது. அதோடு ஊற்றும் நாளுக்கு நாள் குறைந்தது. அரை மணி இருபத்தைந்து நிமிஷமாயிற்று, பிறகு இருபது.

சென்னியம்மாள் ஒரு வாரம் வாய்க்காலில் ஓடும் தண்ணீரைக் கணக்குப் பார்த்தாள். பிறகு ஒரு காலையில், மோட்டார் நின்ற கையோடு வாய்க்கால் ஓரமாக வந்து நின்றாள்.

"ஏனுங்க, இப்படியே உட்டா கரும்பும் நமக்கில்லை, கோழியும் நமக்கில்லைங்க."

"கோழிக்கு நான் என்ன குறை வெச்சேன்? தொட்டி நெறைய உட்டுட்டுத்தான கரும்புக்குத் திருப்பறேன்."

"இன்னைக்கு நெறையுது. சித்திரை கடைசியில கெணறு காஞ்சா எதுல நெறைப்பீங்க? அறுநூறு கோழிக்கு ஒரு நாளைக்கு இருவது கொடம். ஊட்டுக்கும் எருமைக்கும் ஒரு இருவது. அவ்வளவுதானுங்க நம்ம தேவை. மிச்சத்தையெல்லாம் கரும்புதான் குடிக்குது. குடிச்சும் பொழைக்கப் போறதில்லை."

"எட்டு மாசப் பயிரைக் காய விடச் சொல்றயா?"

"காய விட வேண்டாமுங்க. பச்சையா இருக்கறப்பவே வெட்டி வித்துருங்க. மாட்டுத் தீனிக்கு."

அப்புசாமி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். கரும்பை மாட்டுக்கு வெட்டிப்போடுவது அவருக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. ஆனால் அந்த வாரச் சந்தையில் சோளத்தட்டு விற்ற விலையைக் கேட்டதும் அவர் மனம் அசைந்தது. போன வருடத்து விலையைப் போல மூன்று மடங்கு சொன்னார்கள். அதுவும் கிடைக்கவில்லை. கறவை எருமை வைத்திருந்தவர்கள் பச்சையாக எதைக் கண்டாலும் வண்டி கட்டிக்கொண்டு வரத் தயாராக இருந்தார்கள். பத்தே நாளில் ஒரு ஏக்கர் கரும்பும் கட்டுக் கட்டாகப் போயிற்று. வெல்லம் காய்ச்சியிருந்தால் வந்திருக்கக்கூடிய தொகையில் முக்கால் பங்கு, வெட்டுக்கூலியும் ஆலைக்கூலியும் இல்லாமல் கைக்கு வந்தது. நகையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

கரும்புக்குப் பாய்ச்சுவது நின்றதும் கிணற்றில் கொஞ்சம் தண்ணீர் நின்றது. அக்கம் பக்கத்தில் எட்டு வீட்டார் குடிக்க வந்து சேந்திக்கொண்டு போனார்கள். வீட்டுக்கு மூன்று குடம் என்று சென்னியம்மாள் சொல்லியிருந்தாள். யாரிடமும் காசு வாங்கவில்லை.

சித்திரையில் வெயில் ஏற ஏறச் சுற்றுவட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் காலியாயின. கோடையில் முட்டை சூடு என்று ஜனங்கள் தின்பதைக் குறைத்துவிடுவார்கள். அந்த வருடமும் விலை இருபத்தெட்டு பைசாவுக்கு இறங்கிவிட்டது. தீவனச் செலவுக்கே அது சரியாகப் போகும். அதற்கு மேல் தண்ணீருக்கும் வண்டி வாடகை கொடுக்க யாராலும் முடியவில்லை. கறிக்கோழி வியாபாரிகள் லாரி கொண்டுவந்து சொன்ன விலைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள்.

நாச்சிமுத்து வந்தது அந்தச் சமயத்தில்தான். அவர் சென்னியம்மாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. நாலு புஞ்சைக் காடு தள்ளித் தோட்டம். முந்நூறு கோழி வைத்திருந்தார். கிணறு வற்றி ஒரு மாதமாக இரண்டு மைல் தூரத்திலிருந்து பீப்பாயில் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார்.

"தெனமும் அஞ்சாறு சாவுது அம்மிணி" என்றார். "வியாபாரி கோழிக்கு ஏழு ரூவா சொல்றான். நீ ஒம்போது குடுத்தீன்னா ஓட்டிக்க. உன்றகிட்டத் தண்ணி இருக்குது."

சென்னியம்மாள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். முட்டைபோடும் பருவத்துக் கோழி ஒன்றை வளர்த்தெடுக்க இருபத்தைந்து ரூபாய்க்கு மேல் ஆகும். இன்று குஞ்சு விட்டாலும் முட்டைக்கு வர ஐந்து மாதம். ஊரெல்லாம் கொட்டகை காலியானால், மழை வந்து ஜனங்கள் மறுபடி முட்டை கேட்கும்போது போடுவதற்குக் கோழி எங்கே இருக்கும்? இருப்பவர்கள் சொல்வதுதான் விலையாக இருக்கும். இதெல்லாம் அவளுக்குச் சட்டென்று விளங்கியது. இன்னொன்றும் விளங்கியது. முந்நூறு கோழிக்குத் தினம் பத்துக் குடம் தண்ணீர் போதும். அதைக் கொடுத்தாலே அண்ணன் விற்க வேண்டியதில்லை. அவர் அதைக் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அப்போது அது தோன்றவே இல்லை என்று அவளால் பின்னால் ஒருநாளும் சொல்லிக்கொள்ள முடிந்ததில்லை.

"கொண்டாந்து உடுங்கண்ணா" என்றாள். கரும்பு விற்ற பணத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

ஆவணியில் நல்ல மழை பெய்தது. புரட்டாசி விரதம் முடிந்ததும் முட்டை விலை தாவி ஏறியது. வாரம் இரண்டு தடவை வேனில் வந்து முட்டை எடுக்கிற வியாபாரி குழந்தைவேல், முன்பெல்லாம் அட்டையைத் தூக்கிப் பார்த்து, சின்ன முட்டை என்று விலை குறைப்பவன், இப்போது அட்டையை எண்ணாமலே ஏற்றினான். முப்பத்தெட்டு, நாற்பத்திரண்டு, ஐப்பசி கடைசியில் நாற்பத்தெட்டு பைசா.

"வண்டி பெங்களூருக்கு அரை லோடாப் போவுதுங்க" என்றான். "எங்க தேடியும் முட்டையில்லை. இன்னும் அம்பது அட்டை இருந்தாலும் குடுங்க."

அந்த ஐப்பசியில் நாச்சிமுத்து ஒரு நாள் கொட்டகை வாசலில் வந்து நின்றார். உள்ளே சென்னியம்மாள் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் தன் கோழிகளையே அடையாளம் கண்டுகொள்பவர் போல வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாப் போடுதா?"

"போடுதுங்கண்ணா."

"பத்துக் கொடம் தண்ணி குடுத்திருந்தீன்னா இது என்ற ஊட்டுலயே போட்டிருக்கும்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். சென்னியம்மாள் கையிலிருந்த முட்டைகளைக் கூடையில் வைத்தாள். நீங்கள் கேட்கவில்லையே என்று சொல்லியிருக்கலாம். வியாபாரியைவிட இரண்டு ரூபாய் கூடக் கொடுத்தேனே என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுமே உண்மைதான். அவள் அடுத்த முட்டைக்குக் குனிந்தாள்.

"குஞ்சுக்குச் சொல்லி வெச்சிருக்கறேன், எண்ணூறு" என்றார் அவர். "நானும் ரண்டு காசு பாக்கோணுமில்ல."

இதற்கு அவள் நிமிர்ந்தாள். "இப்ப வேண்டாமுங்கண்ணா. ஊரே குஞ்சுக்குச் சொல்லி வெச்சிருக்குது. குஞ்சு பொரிக்கறவங்ககிட்ட ரண்டு மாசத்துக்கு இடமில்லீங்களாமா. அத்தனையும் பங்குனியில ஒண்ணா முட்டைக்கு வரும். கோடை வேற. வெலை உழுந்துரும்."

நாச்சிமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோழி கொறைவா இருந்தாத்தான உனக்கு நாப்பத்தெட்டு. அதனால சொல்ற."

அவர் போன பிறகு சென்னியம்மாள் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவர் சொன்னதில் தப்பில்லை. அவர் குஞ்சு வாங்காமல் இருப்பது அவளுக்கு லாபம்தான். லாபம் அடைகிறவள் சொல்லும் யோசனையை எவர் நம்புவார்? அவர் இடத்தில் இருந்தால் தானும் நம்பியிருக்க மாட்டாள். அன்றிலிருந்து நாச்சிமுத்துவின் மனைவி பாப்பாயியும் பேச்சை நிறுத்திக்கொண்டாள். அண்ணன் மனைவியை நங்கை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். சந்தையில் சென்னியம்மாள் "நங்கை" என்று கூப்பிட்டால், பாப்பாயி காது கேளாதவள் போலத் தாண்டிப் போவாள்.

வீட்டில் அப்புசாமியும் இப்போது கோழிப் பக்கம் சாய்ந்திருந்தார். இன்னொரு கொட்டகை போட்டு ஆயிரம் குஞ்சு விடலாம் என்றார்.

"வேண்டாமுங்க. மூணு ஏக்கராவுலயும் மக்காச்சோளம் போடுங்க. குஞ்செல்லாம் எதைத் திங்கும்? எல்லாரும் கோழி வளத்தா தீவனந்தான் கெடைக்காது."

"உனக்கு எப்பவும் ஊர் போற வழிக்கு எதுத்த வழிதான்" என்றார் அவர். ஆனால் விதைத்தார். மார்கழியில், விலை நன்றாக இருக்கும்போதே, வயதான கோழிகளைச் சென்னியம்மாள் கறிக்கு விற்றுக் கழித்துவிட்டு நானூற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். மாசியில் ஐம்பது மூட்டை மக்காச்சோளம் வீட்டு அறையில் அடுக்கப்பட்டது.

1984 சித்திரையில் முட்டை இருபத்துநாலு பைசா. மக்காச்சோள விலை ஒரே வருடத்தில் அரை மடங்கு ஏறியிருந்தது. அவள் சொன்னது அப்படியே நடந்ததில் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. நாச்சிமுத்துவின் தோட்டத்துப் பக்கம் மறுபடி கறிக்கோழி லாரி வந்து நின்றதை அப்புசாமி பார்த்துவிட்டு வந்து சொன்னார். கோழி எட்டு ரூபாய்க்குக் கேட்டிருக்கிறார்கள். நாளை வரச் சொல்லியிருக்கிறாராம்.

"நம்ம சோளத்தை அவருக்குக் குடுக்கலாமுங்களா?" என்று கேட்டாள் சென்னியம்மாள்.

"கடனாவா? தீவன மில்லுக்காரன் ரொக்கம் நீட்டறான். இந்த வெலை எப்பவும் கெடைக்காது."

"கடனா இல்லீங்க. முட்டையில பங்குக்கு."

அப்புசாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். "போன வருசம் தண்ணி குடுக்காததுக்கா?"

"ஆமாங்க" என்றாள் அவள்.

அவர் எழுந்து மூட்டைகளை எண்ணப் போனார்.

அன்று சாயங்காலமே அவள் நாச்சிமுத்துவின் வீட்டுக்குப் போனாள். பாப்பாயி வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. சென்னியம்மாள் நின்றுகொண்டே பேசினாள்.

"முப்பது மூட்டை சோளம் தாரேனுங்கண்ணா. புண்ணாக்கும் தவிடும் நீங்க பாத்துக்கோங்க. ஆவணி வரைக்கும் போடற முட்டையில மூணுல ஒண்ணு எனக்கு. காசு வேண்டாம், முட்டையாவே குடுங்க."

"வெலை இப்படியே கெடந்தா?"

"எனக்கும் நட்டந்தானுங்க. உங்க கோழி போட்டாத்தான், முட்டை வெலை ஏறுனாத்தான் எனக்குச் சோளத்து வெலை திரும்பும். இப்ப எல்லாரும் விக்கறாங்க. ஆடிக்குள்ள பாதிக் கொட்டகை காலியாயிரும். அப்பறம் ஏறோணும்."

நாச்சிமுத்து மனைவியைப் பார்த்தார். பாப்பாயி புளியிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்தத் தடவை போனா அவளுக்கும் சேந்துதான் போவும்" என்றாள். அது சம்மதமா குத்தலா என்று சென்னியம்மாளுக்குத் தெரியவில்லை. மறுநாள் லாரி வெறுமையாகத் திரும்பியது.

அவள் ஆடி என்று சொன்னது பலிக்கவில்லை. ஆடி பிறந்தும் விலை இருபத்தாறிலேயே நின்றது. முப்பது மூட்டையும் தீர்ந்தது. மிச்சக் கோழிகளுக்குத் தீவனம் வாங்க நாச்சிமுத்து இருநூற்றைம்பது கோழிகளைக் கழிக்க வேண்டியதாயிற்று. அந்த நாட்களில் சென்னியம்மாள் வேன் வரும்போதெல்லாம் முதலில் விலையைத்தான் கேட்டாள். ஒரு தடவை அவருடைய நிலைமை தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டாள், இந்தத் தடவை தெரிந்ததாக நினைத்துக்கொண்டு பேசிவிட்டாள், இரண்டாவதுதான் பெரிய தப்போ என்றுகூடத் தோன்றியது. ஆடிப்பெருக்குக்கு மறுவாரம் குழந்தைவேல் முப்பது பைசா கொடுத்தான். ஆவணி நடுவில் முப்பத்தொன்பது.

பங்கு முட்டைகளை விற்று வந்ததில், மில்லுக்காரன் சித்திரையில் தருவதாகச் சொன்னதைவிட நூற்றைம்பது ரூபாய் குறைவாகவே இருந்தது. அப்புசாமி அதைக் கணக்குப் பார்த்துச் சொன்னார். நாச்சிமுத்துவிடம் ஐந்நூறு கோழிகள் உயிரோடு இருந்தன. அந்தச் சுற்றுவட்டாரத்தில் மூன்று கொட்டகைகள்தான் மூடாமல் இருந்தன. அதில் ஒன்று அவருடையது.

புரட்டாசியில், அடுத்த குஞ்சுக்குச் சொல்லி வைக்கும் சமயத்தில், பாப்பாயிதான் முதலில் வந்தாள். ஒரு படி எள் கொண்டுவந்திருந்தாள். கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள்.

"உங்கண்ணன் கேட்டுட்டு வரச் சொன்னாரு அம்மிணி. நீ எப்ப குஞ்சு உடற?"

"தையில உடலாம்னு இருக்கறேன் நங்கை."

"அப்ப நாங்க ஆனியில உடறோம். ஒண்ணா முட்டைக்கு வந்தா ரண்டு ஊட்டுக்கும் ஆவாது."

சென்னியம்மாள் சரி என்றாள். பாப்பாயி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, அன்றைக்குப் பொறுக்காமல் கிடந்த முட்டைகளைப் பொறுக்க அவளோடு உள்ளே குனிந்தாள்.