பிரிட்ஜுக்குப் பின்னால்

வரி இருக்கிறது... காலில் வெள்ளை வரி, நசுங்கிய பிறகும் தெரிகிறது, சந்தேகமே வேண்டாம், பகலில் கணுக்காலாகப் பார்த்துக் கடிக்கிற டெங்குக் கொசு, நல்ல தண்ணீரில் பிறக்கிறது, ஆறு வருஷமாக வீடு வீடாகப் போய் கொசுப்புழு பார்த்து இதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் இது என் வீட்டில் எப்படி, அதுவும் காலை பத்தரை மணிக்கு, டீ குடிக்க உட்கார்ந்தவள் காலில்? பக்கத்து வீட்டு டிரம்மிலிருந்தா? அதை முந்தாநாளே கவிழ்த்தாயிற்றே. என் குடங்களுக்கு மூடி இருக்கிறது, தொட்டியில் மருந்து ஊற்றியிருக்கிறேன், பூச்செடி வைக்கிற பவிசெல்லாம் எனக்குக் கிடையாது. பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் அரிகிருஷ்ணன் சார் வருகிறார், டெங்கு வந்த வீட்டைச் சுற்றி எல்லா வீட்டையும் மறுபடி பார்க்க வேண்டுமாம். எல்லா வீடும் என்றால் என் வீடும்தான்.

பிரிட்ஜ்... ஐயோ, பிரிட்ஜ். அடுத்தவர் வீட்டில் நுழைந்ததும் முதல் வேலையாக "பிரிட்ஜ நகத்துங்க, பின்னாடி தண்ணி வடியிற தட்டு இருக்குதுல்ல, அதப் பாக்கணும்" என்று அதிகாரம் பண்ணுகிறவள், என் பிரிட்ஜை நகர்த்தி எத்தனை மாதம் ஆகிறது? சுவரோடு ஒட்டிக்கொண்டு நகரவே மாட்டேன் என்றது, தோளைக் கொடுத்துத் தள்ளி, தட்டை உருவி, டார்ச் அடித்தேன். வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. பத்து, இருபது, எண்ணவில்லை. தலை பெருத்துச் சுருண்ட கூட்டுப்புழுக்களும் இருந்தன, இன்னும் இரண்டு நாளில் அதெல்லாம் கொசு. அதுகூடப் பரவாயில்லை, மேலே வெறும் தோல் மிதக்கிறதே, தோல் இருந்தால் உள்ளே இருந்தது ஏற்கெனவே பறந்துவிட்டது என்று அர்த்தம். கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற வீட்டு அட்டையைப் பார்க்கவே பயமாக இருந்தது, பார்த்தேன், வாரம் தவறாமல் தேதி, 'புழு இல்லை', கீழே செந்தமிழ்ச்செல்வி என்று என் கையெழுத்து. தெருவை முடித்துவிட்டுக் களைத்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் போடுகிற கையெழுத்து. நாங்கள் எல்லாருமே அப்படித்தான், நம் வீடு நமக்குத் தெரியாதா என்ற நினைப்பு. ஊருக்குத்தான் உபதேசம்.

இனியா... பக்கத்து வீட்டுக் கார்குழலியின் மகள், ஒன்பது வயசு, நாலு நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள், நேற்று ராத்திரி பிளேட்லெட் இருபத்தெட்டாயிரம். கார்குழலி ஜவுளிக்கடை வேலை முடிந்து வர ஏழு மணி ஆகும் என்று, ஸ்கூல் விட்டதும் அந்தப் பிள்ளை நேராக இங்கேதான் வரும். எங்கே உட்காரும்? இதோ, இந்த பிரிட்ஜ் ஓரத்தில், காலை நீட்டிப் போட்டுக்கொண்டு டி.வி. பார்க்கும். "பெரிம்மா, ஏதோ கடிக்குது" என்று சொன்னாளே ஒருநாள், நான் என்ன செய்தேன், "சொறியாத, புண்ணாயிடும்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். இரு, இரு, கொசு தானாக நோயைக் கொண்டுவராது, யாராவது நோயாளியைக் கடித்திருக்க வேண்டும், இந்த வீட்டில் யாருக்கு... என் வீட்டுக்காரருக்கு. மூன்று வாரம் முன்னால் கண்ணெல்லாம் வலிக்கிறது என்று படுத்தாரே, "டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு ஆரம்பிக்காத, ஷிப்ட்டு போயிடும்" என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூன்றாம் நாளே சேதராப்பட்டுக் கம்பெனிக்குக் கிளம்பிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். அவரைக் கடித்தது, பிறகு பிள்ளையைக் கடித்தது... கணக்கு சரியாகத்தான் வருகிறது, பாழாய்ப்போன கணக்கு.

ஆனால் முந்தாநாள் கார்குழலியைத் தெருவில் நிற்கவைத்து என்ன பேச்சு பேசினேன்! மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்தவள், தலைகூட வாரவில்லை. அவள் டிரம்மில் டார்ச் அடித்துக் காட்டி, "பாத்தியா, புள்ளைக்கி எமன நீயே வளத்துவுட்டு இப்ப அழுவுறியா?" என்றேன், நாலு வீட்டுக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். அந்த டிரம்மில் இருந்தது மூன்றோ நாலோ, அப்போதுதான் பொரித்த பொடிப்புழு, தோல் ஒன்றுகூட மிதக்கவில்லை, அதிலிருந்து ஒரு கொசுவும் பறந்திருக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் ரிப்போர்ட்டில் டிரம் என்று எழுதினேன், ஏதாவது ஒன்றை எழுதியாக வேண்டுமே. பாவி, நீயெல்லாம் ஒரு மனுஷியா? இந்தத் தட்டை வெயிலில் மண்ணில் கொட்டினால் ஐந்து நிமிஷம், எல்லாம் காய்ந்துவிடும், சார் வரும்போது தட்டு பளபளவென்று இருக்கும். கொட்டிவிட்டு அவளிடம் மட்டும் சொல்லலாமா? சொன்னால் அப்புறம் இந்த முகத்தில் விழிப்பாளா? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்... அப்போது சொல்லாமல் இருக்க முடியுமா, அப்போது சொன்னால்தான் தாங்குவாளா?

தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வரும்போது போன் அடித்தது, கார்குழலி. தண்ணீர் தளும்பிப் புடவையில் கொட்டியது, ஒரு கையால் எடுத்தேன். "அக்கா, ஏறிடுச்சிக்கா! அறுவதாயிரமாம், இனிமே பயமில்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு, கஞ்சி கேக்குறாக்கா" என்று அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "நீ அன்னிக்கித் திட்டுனது ரொம்பச் சரிக்கா. எம்மேலதான் தப்பு. எம்புள்ளைய நானே கொல்லப் பாத்தேன்" என்றாள். இல்லைடி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "அழுவாத, நீ சாப்டியா?" என்றுதான் வந்தது. தெருமுனையில் அரிகிருஷ்ணன் சாரின் வண்டிச் சத்தம் கேட்டது, தட்டு இன்னும் கையிலேயே இருந்தது, போனை எப்போது வைத்தேன் என்று தெரியவில்லை. பயமில்லை என்று அவள் சொன்னதும் உடம்பெல்லாம் லேசானதே, அது இனியாவுக்காகத்தானே? அவளுக்காகத்தான், வேறு யாருக்காக... இல்லை. இனிமேல் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்பதுதான் முதலில் வந்தது, பிள்ளையின் முகம் அதற்கு அப்புறம்தான் வந்தது.