கைராசி

ஊசியை நான் இடது கையில்தான் பிடிப்பேன். பதினோரு வருட நர்ஸ் வேலையில் யாருக்கும் கை வீங்கியதில்லை, ஒரு நரம்பு தவறியதில்லை. ஆனாலும் ஊசி அறையில் பக்கத்து நாற்காலிக்கு வாசல் வரை வரிசை நிற்கும். என் முன்னால் ஈ ஓட்டலாம். "அந்தம்மா பீச்சாங்கை. போட்டா ரெண்டு நாளைக்குத் தூக்க முடியாது" என்பார்கள், என்னிடம் ஒரு தடவைகூடப் போட்டுக்கொள்ளாத புண்ணியவான்கள்.

எனக்கு இதை முதலில் சொன்னவர் அப்பா. சின்ன வயதில் என் இடது மணிக்கட்டை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் கட்டிவிட்டுத்தான் எழுத உட்கார வைப்பார். கொடுமைக்காரர் இல்லை. அந்தக் கை தொட்டது விளங்காது என்று மனதார நம்பினார், அவ்வளவுதான். எனக்கு வேலை கிடைத்த அன்றும், "பாவம், யார் யார் மாட்டப் போறாங்களோ" என்றார். அன்றைக்கு ஹாஸ்டலுக்குப் போனவள்தான், இன்னும் அங்கேயே இருக்கிறேன்.

போன வாரம் பட்டறையில் இரும்புத்தூள் தெறித்து அப்பாவின் கண்களில் ஆபரேஷன். எங்கள் ஆஸ்பத்திரியில்தான். இரண்டு கண்ணுக்கும் கட்டு. ஐந்து நாளைக்குத் தினம் ஓர் ஊசி. சேர்ந்ததுமே ஆயாம்மாவிடம் சொல்லிவிட்டாராம்: "எம் பொண்ணு இங்கதான் வேலை செய்றா. அவ மட்டும் எனக்கு ஊசி போட வேணாம்."

எனக்கு வந்ததே கோபம்! அந்த வார்டு டியூட்டியைக் கேட்டு வாங்கினேன். செய்யக் கூடாததுதான். வாயைத் திறக்காமல் போய் நின்றேன். "சிஸ்டர் வந்திருக்காங்க, கைய நீட்டுங்க" என்றாள் ஆயாம்மா.

"போட்டாச்சா?" என்றார் அப்பா. "போட்டதே தெரியலையே! பூ மாதிரி கைம்மா உனக்கு."

தட்டை வைத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் அழுதேன்.

தினமும் அதே கதைதான். மாலையில் மகளாகப் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தால், "காலைல ஒரு சிஸ்டர் வருது. என்ன கைராசிங்கிற! நீயும் அதுகிட்டப் போய்க் கத்துக்கயேன்" என்பார். "சரிப்பா" என்பேன். என் மேலேயே எனக்குப் பொறாமையாக இருந்தது. ஹாஸ்டலில் தனியாகச் சாப்பிடும்போது அவர் சொன்னதையே நினைத்துக்கொள்வேன். அப்பா வாயால் நான் வாங்கிய ஒரே நல்ல பேர், அதுவும் யாரோ ஒருத்தியாக.

ஐந்தாம் நாள் கடைசி ஊசி. இதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு என்றைக்குமே தெரியாது. சொன்னால் இனியாவது என் கையை நம்புவார். போட்டு முடித்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன்.

"இன்னிக்கும் தெரியவே இல்ல பாருங்க" என்றார் ஆயாம்மாவிடம்.

"அப்பா, நான்தான். அஞ்சு நாளும் நான்தான் போட்டேன். இடது கையாலதான்."

ஊசி போட்ட இடத்தை அவர் மெல்லத் தடவினார். உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அதானே பாத்தேன். மொத நாள்லேர்ந்தே உள்ளுக்குள்ள கடுத்துக்கிட்டுதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு மனசு நோகுமேன்னு சொல்லல."

நடிப்பு இல்லை. எத்தனை பேர் முகத்தைப் பார்த்திருக்கிறேன்! அவருக்கு நிஜமாகவே வலித்தது.

"ஐஸ் வச்சுவிடவாப்பா?"

"நீ வேணாம்மா" என்றார். "வேற யாரையாவது வரச் சொல்லு."