ஈரத் துணி போர்த்திய வெப்பமானி

விசாரணை பத்தரை மணிக்கு. அத்தை ஒன்பதுக்கே கிளம்பிக் கதவருகே நின்றார்.

"மாப்பிள்ளை, அந்தத் துணி விஷயத்த மட்டும் எடுக்காதீங்க. போய்ச் சேர்ந்தவ மேல பழி விழ வேண்டாம்."

நான் சட்டைப் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தேன். கழற்றி மறுபடி போட்டேன்.

நானும் என் மனைவியும் ஒரே சலவைக் கூடத்தில் வேலை செய்தோம். தங்கும் விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். ஆவியில் சூடேறும் பெரிய உருளைக்குள் விரிப்பின் நுனியைப் பிடித்து நுழைப்பது அவள் வேலை. என் வேலையைச் சட்டம்தான் உண்டாக்கியது. கூடத்தின் வெப்பம் முப்பத்தைந்தைத் தாண்டினால் மணிக்குக் கால் மணி நேரம் ஓய்வு. முப்பத்தொன்பதைத் தாண்டினால் உருளையையே நிறுத்த வேண்டும். அதற்காக ஒருவன் மணிக்கொரு முறை வெப்பமானியைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இயற்பியல் பட்டதாரி என்று என்னைப் போட்டார்கள்.

ஆனால் எங்கள் கூடத்தில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வீட்டுக்குப் போவதில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு விரிப்பு. முடித்தவர் கிளம்பலாம். ஓய்வு ஒவ்வொன்றும் வீட்டைக் கால் மணி நேரம் தள்ளி வைக்கும். எங்கள் மகளை விட்டிருந்த குழந்தைகள் காப்பகத்தை ஐந்து மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

அதனால் சட்டம் வந்த முதல் கோடையிலேயே பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வெப்பமானியின் மேல் ஈரத் துணியைப் போட்டு மூடினார்கள். ஈரம் உலரும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். எட்டு ஒன்பது டிகிரி இறங்கிவிடும். பள்ளிக்கூடப் பாடம். முறை வைத்து நனைத்தார்கள்.

நான் பதிவேட்டோடு போனால் சின்னக்கா ஆரம்பித்துவிடுவாள். அந்த வரிசையில் எல்லோருக்கும் மூத்தவள், பெயர்தான் சின்னக்கா.

"எழுதிக்கோப்பா, முப்பத்திநாலு. ரொம்பக் குளிருது. நாளைக்கு வரும்போது ஒரு கம்பளி கொண்டா."

எல்லோரும் சிரிப்பார்கள். மேற்பார்வையாளர் விசிலடித்தபடி கூரையைப் பார்ப்பார். அவருக்கே 'விசில்' என்றுதான் பெயர்.

அன்றைக்கு நனைக்கும் முறை என் மனைவியுடையது. மதியம் இரண்டு மணி. ஏனோ துணியைத் தூக்கிப் பார்த்தேன். நாற்பத்துமூன்று. அவள் வந்து என் கையிலிருந்து துணியைப் பிடுங்கித் திரும்பப் போட்டாள்.

"இன்னும் தொண்ணூறு விரிப்புதான் இருக்கு. மூணரைக்கெல்லாம் பாப்பாகிட்ட இருப்பேன். பெரிய விஞ்ஞானி, போய் எழுது போ."

முப்பத்துநான்கு என்று எழுதினேன். இரண்டே முக்காலுக்கு விழுந்தாள். தொட்டபோது உடம்பு அனலாகக் கொதித்தது, வேர்வையே இல்லை. ஆறு மணிக்கு மருத்துவர் காகிதத்தில் 'இதயம் நின்றது' என்று எழுதிக் கொடுத்தார். இது நடந்து மூன்று மாதம் ஆகிறது.

தொழிலாளர் அதிகாரியின் அறையில் ஒரு மின்விசிறி மட்டும் சுற்றியது. ஐம்பது வயதிருக்கும் அம்மா. மேசை நிறையக் கோப்புகள். நிர்வாகத்தின் வக்கீல் எழுந்தார்.

"மேடம், பதிவேட்டுல ஒரு நாள்கூட முப்பத்தஞ்சத் தாண்டல. அப்படியே தாண்டியிருந்தாலும், வெப்பமானிய மூடி வச்சது இறந்துபோனவங்களேதான். இதோ கணவர் இருக்கார், கேளுங்க."

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு மூடினாங்கங்கிறது எனக்கு வேண்டாம், வக்கீல் சார்," என்றார் அதிகாரி. "தொழிலாளி ஜாக்கிரதையா இருக்கணும்னு இந்தச் சட்டத்துல ஒரு வரிகூட இல்ல. சூடு ஏறினது நிர்வாகத்துக்குத் தெரியுமா, தெரியாதா? அவ்வளவுதான்."

"தெரியாதுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, கையெழுத்து உங்களோடது. நிர்வாகத்துக்காகப் பாக்குற ஆளு நீங்க. நீங்க பாத்திருந்தா நிர்வாகம் பாத்த மாதிரிதான். ஒண்ணு சொல்லிடறேன். பொய்யா எழுதினவனுக்கும் தண்டனை உண்டு. தெரிஞ்சு பேசுங்க."

பார்க்கவில்லை என்று சொன்னால் பதிவேட்டில் இருப்பதே உண்மை ஆகிவிடும். அவள் தானாக வந்த நெஞ்சு வியாதியில் செத்தவள் ஆவாள். எனக்கு வேலை இருக்கும்.

"நாப்பத்திமூணு," என்றேன். "துணியத் தூக்கிப் பாத்தேன்."

"மூடினது யாருன்னு சொல்லச் சொல்லுங்க மேடம்," என்றார் வக்கீல்.

"எல்லாரும்தான். அன்னிக்கு என் மனைவி."

அத்தையின் நாற்காலி கிரீச்சிட்டது.

"பாத்துட்டு?" என்றார் அதிகாரி.

"முப்பத்திநாலுன்னு எழுதினேன்."

"ஏன்?"

மூன்று மாதமாக யாரும் கேட்காத கேள்வி.

"அவ எழுதச் சொன்னா. எனக்கும் சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு."

அவர் குனிந்து எழுதினார். "மேற்பார்வையாளருக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். வெளியே காத்திருந்த சின்னக்காவைக் கூப்பிட்டு அதையே கேட்டார்கள். அவளும் தெரியும் என்றாள்.

பன்னிரண்டரைக்கு உத்தரவின் நகலைக் கொடுத்தார்கள். வெப்பமானி இனிமேல் எட்டாத உயரத்தில், கம்பி வலைக்குள். ஓய்வு கட்டாயம். நாளுக்கு இத்தனை விரிப்பு என்பதைக் குறைக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்றும் எழுதியிருந்தார். எனக்கான நோட்டீஸ் தனியாக வரும். வேலைக்கு வர வேண்டாம் என்பதை வக்கீல் படியிலேயே சொல்லிவிட்டார்.

வாசலில் சின்னக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"நல்லா பண்ணினப்பா. அறுநூறு அப்படியே இருக்கு. இனிமே மணிக்கு மணி கால நீட்டி உக்காந்துட்டு, பொழுது சாஞ்சப்புறம் வீட்டுக்குப் போறோம்."

"உயிரோட போவீங்கக்கா."

"அது சரி," என்றாள். கோபம் போகவில்லை. தண்ணீர்ப் புட்டியை என் கையில் திணித்துவிட்டு நடந்தாள்.

அத்தையும் நானும் பேருந்துக்கு நின்றோம்.

"அவ பேரச் சொல்லிட்டீங்களே மாப்பிள்ளை."

"மத்ததெல்லாம் உண்மையச் சொல்லிட்டு, அவ மூடலன்னு மட்டும் எப்படி அத்தை சொல்றது?"

அவர் என் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். "என்னதான் எழுதியிருக்கு? படிங்க."

படித்தேன். வேலையிடத்தின் கடும் வெப்பத்தால் நேர்ந்த மரணம் என்று இருந்தது. உடலில் முன்பே இருந்த கோளாறு எதற்கும் சான்று இல்லை என்று அடுத்த வரி.

"மறுபடி படிங்க."

படித்தேன்.

"அப்ப நெஞ்சு நல்லாத்தான் இருந்திருக்கு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தை."

"ஏழாம் மாசத்துலேயே பொறந்தவ. நான் வயித்துல வச்சுச் சரியா வளக்கலையோன்னு மூணு மாசமா..."

பேருந்து வந்தது. கூட்டமாக இருந்தது. ஏறினோம்.