ஓட்டுநர் கவனிக்கவில்லை

ஈப்போவில் லோரிகளுக்கான தகவல் திரை தயாரிக்கும் சிறிய நிறுவனம் ஒன்றில் பிரமிளா பொறியாளர். வேகம், வழி, எண்ணெய் அளவு, பிரேக்கின் சூடு எல்லாவற்றையும் ஓட்டுநருக்கு ஒரே இடத்தில் காட்டும் திரை அது. அதை ஓட்டிச் சோதித்துப் பார்க்க சிலிம் ரிவரிலிருந்து ஐயாவு வந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர்.

முதல் வாரமே அவர் ஒரு குறை சொன்னார். வழிகாட்டும் வரைபடம் திறந்திருக்கும்போது பிரேக் எச்சரிக்கை ஒரு மூலையில் பொடியாக வருகிறது, வளைவில் திரும்பும்போது கண்ணிலேயே படுவதில்லை என்றார். பிரமிளா நோட்டில் எழுதிக்கொண்டாள். அதைச் சரிசெய்வதென்றால் திரையின் அமைப்பையே மாற்ற வேண்டும். வாடிக்கையாளருக்குக் காட்டும் நாளோ நெருங்கிவிட்டது. எழுதியது நோட்டிலேயே கிடந்தது.

மூன்றாம் வாரம், கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும்போது பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. ஐயாவு லோரியை மலைச்சரிவில் உரசி நிறுத்தினார். வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. எச்சரிக்கை நான்கு நிமிடம் திரையில் இருந்ததாகப் பதிவு காட்டியது. மேலாளர் அறிக்கை கேட்டார். காரணம் என்ற இடத்தில் பிரமிளா, 'ஓட்டுநர் கவனிக்கவில்லை' என்று எழுதினாள். அதில் பொய் இல்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஐயாவுவை இனி அழைக்க வேண்டாம் என்று முடிவானது.

பத்து நாள் கழித்து அவரைப் பார்க்கப் போனாள். கையில் கட்டு, முகத்தில் புது மூக்குக்கண்ணாடி. அவர் மனைவி நவமணி காப்பி கொடுத்தார்.

"வயசாச்சுலா, கண்ணு போயிருச்சு. லோரி ஓட்டுறத விட்டுட்டேன்," என்றார் ஐயாவு. "உங்க வேலையையும் கெடுத்துட்டேன். மன்னிச்சிருங்கமா."

பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் காரில் பள்ளிக்கு ஏற்றிப்போவதைக்கூட அவர் நிறுத்திவிட்டதாக நவமணி சொன்னார்.

பிரமிளாவுக்கு முகம் எரிந்தது. தப்பு அவர் கண்ணில் இல்லை, அவர் சொன்ன குறையைத் தான்தான் மறைத்ததாகச் சொன்னாள்.

ஐயாவு கண்ணாடியைக் கழற்றினார். "நான் சொன்னத எழுதுனீங்களே. பாத்தேனே."

"எழுதுனேன் அண்ணே. யாருக்கும் காட்டல."

அவர் கண்ணாடியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

அன்றே ஈப்போவுக்குத் திரும்பி, அறிக்கையைத் திருத்தி, நோட்டின் அந்தப் பக்கத்தையும் இணைத்து மேலாளருக்கு அனுப்பினாள். அந்தத் திரை வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டார்கள். இப்போது பிரேக் எச்சரிக்கை வரைபடத்தை மூடிக்கொண்டு, திரை முழுக்கச் சிவப்பாக, சத்தத்தோடு வருகிறது. மேலாளர் வருத்தம் தெரிவித்து அழைத்தும் ஐயாவு சோதனை ஓட்டத்துக்குத் திரும்பவில்லை.

கை குணமானதும் அவர் மறுபடி செம்பனை லோரி எடுத்துவிட்டார் என்று நவமணி தொலைபேசியில் சொன்னார். அவரோடு பேசலாமா என்று பிரமிளா கேட்டாள். நவமணி உள்ளே போய்க் கேட்டு வந்தார்.

"பொறவு பேசுறேன்னு சொல்றாருமா."

சரி அக்கா என்றாள் பிரமிளா. பிறகு அவளுக்கு அழைக்கத் துணிவு வரவில்லை.