கல்லாறு தாண்டினால் கோடை

ஹெட் கிளார்க்காக முப்பது வருடம் வருகைப் பதிவேட்டைக் காவல் காத்தவர் தரணிதரன். ஓய்வு பெற்றபின் காவல் காக்க அவருக்கு மிஞ்சியது ஒரே ஆள், மனைவி வேலாமணி. ஐப்பசியில் கோயமுத்தூர் ஆயுர்வேத முகாமுக்குப் போனவர், லேமினேஷன் செய்த தினசரி அட்டவணையோடு மலைமேல் இருக்கும் பெர்ன்ஹில் வீட்டுக்குத் திரும்பினார். அது ஃப்ரிட்ஜ் கதவில் ஏறிய அன்றே வேலாமணியின் மதியத் தூக்கம் போயிற்று.

நாலரைக்கு எழுந்து, பல் கிட்டும் குளிரில் உடம்பெல்லாம் நல்லெண்ணெய். ஆறரைக்கு இரவுச் சாப்பாடு. ஒன்பதுக்கு விளக்கணைப்பு. எல்லாம் சரி, ஒன்பதுக்குப் படுத்தால் அவளுக்குத் தூக்கம் வராதே! மதியம் சாப்பிட்டதும்தான் வரும். ஆனால் பகலில் தூங்கினால் கபம் ஏறுமாம். அவள் கண் சொருகினால் போதும், தரணிதரன் கரண்டியால் டம்ளரைத் தட்டுவார். கடலைக்காரர் என்று நினைத்துப் பக்கத்து வீட்டு சசிரேகா இரண்டு முறை சில்லறையோடு ஓடி வந்தாள்.

மார்கழியில் ஒருநாள் அட்டையின் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது: 'கோடையில் மட்டும் பகலுறக்கம் கொள்ளலாம்.' அன்றிலிருந்து வேலாமணி சித்திரைக்குக் காத்திருந்தாள். முதல் தேதி, பாயசம் ஆனதும் பாயை விரித்தாள்.

"ஏம் புள்ள, என்ன பண்ற?"

"படுக்கறனுங்க. கோடை வந்துருச்சுல்லங்க."

தரணிதரன் ஜன்னலைத் திறந்தார். மேகம் உள்ளே வந்தது. "ஸ்வெட்டரும் குல்லாயும் போட்டுட்டுக் கோடைங்கற!"

"ஊர்சனமெல்லாம் கோடைன்னுதானுங்க இங்க வருது!"

"அவிய ஊர்ல கோடை. நம்மூர்ல ஏது?"

டிங்.

இந்த மலையில் இருக்கும்வரை தனக்கு மதியத் தூக்கம் கிடையாது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மறுநாள் கோயமுத்தூர்த் தங்கை வீட்டுக்குப் பையைக் கட்டினாள். மலைக்கு ஊரே ஏறி வர, ஏறக்குறைய காலியாக இறங்கும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிளம்பும் நேரத்தில் பக்கத்தில் ஒருவர் வந்து அமர்ந்தார். மடியில் அட்டை.

"தனியா உட்டா ஒழுங்கு கெட்டுப்போயிருமல்ல."

குன்னூர் தாண்டியதும் அவள் தலை கம்பியில் சாய்ந்தது. டிங். டம்ளரும் வந்திருந்தது.

"அடிவாரத்துல கல்லாறு வரட்டும், புள்ள. அதுக்கப்பறந்தான் கோடை."

பாவம், வேலாமணி கண்ணை அகல விரித்து கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளைப் படித்தாள். பதினொன்று. பத்து. ஒன்பதில் அவள் தோளில் ஏதோ பாரம். தரணிதரனின் தலை. குறட்டை வேறு.

அவர் மடியிலிருந்த கரண்டியை அவள் மெல்ல எடுத்தாள்.

டிங்!

"இன்னும் எட்டு வளைவு இருக்குதுங்க," என்றாள். முன் சீட்டில் தூங்கிய இருவரும் சேர்ந்தே எழுந்து உட்கார்ந்தார்கள்.